சாயம் வழியும் திசை

அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று மாலை ஓவியரே நேரில் வந்துவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு கேலரி. ஆர்ட் பேப்பரில் நான்கு வண்ண ஆஃப்செட்டில் ஐந்நூறு பிரதி. முகப்பில் அவருடைய அரூப ஓவியம். ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

"இப்படித்தாம்மா இருக்கணும்."

கேலரியின் விளம்பர வேலைகளைக் கவனித்துவந்த கடலூர்ப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓவியர் படத்தின் ஓரத்தில் மெலிதாக ஓடிய நான்கைந்து கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"சாயம் வழிஞ்சிருக்கு பாருங்க. உங்க அட்டையில அது மேல ஏறுது. சாயம் எங்கயாவது மேல ஏறுமா?"

ஸ்லைடு எடுத்தால் எந்தப் பக்கம் கீழே என்று தெரிய ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அந்நாளைய வழக்கம். புள்ளி வைக்க மறந்திருந்தார்கள். அச்சகத்தில் எப்படி வந்ததோ அப்படியே பிலிம் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் நடப்பதுதான். அந்தப் பெண்ணைக் கூச வைத்தது வேறொன்று. அந்த ஓவியத்தைப் பற்றி நானூறு சொல்லில் பத்திரிகைக் குறிப்பு எழுதியவர் அவர். அதில் 'மேல்நோக்கி எழும் உயிர்த்துடிப்பு' என்று ஒரு வரி. அந்த வரி ஒரு நாளிதழில் அப்படியே வந்தும் விட்டது.

ஓவியர் கோபப்படவில்லை. "பரவால்ல, யாருக்கும் தெரியாது" என்று சிரித்துவிட்டுப் போனார். யாருக்கும் தெரியவும் இல்லை. இருபது வருஷம் கழித்து, கையில் தூரிகையோடு உட்கார்ந்தபோதுதான் அந்தச் சிரிப்பு கடலூர்ப் பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மஞ்சக்குப்பத்தில் 1956இல் பிறந்தவர் அவர். ஊர்ப்பெருமை பேசுவதில் அப்பாவுக்கு அலாதி ஆர்வம். புதுமைப்பித்தன் பிறந்தது 1906இல் திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் பிறந்தது 1934இல் இதே கடலூரில், ஆகவே இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எழுத்து தானாக வரும் என்பது அவர் கட்சி. மகளுக்கு வந்த எழுத்து வேறு வகை. பிரஸ் ரிலீஸ், அழைப்பிதழ், கேட்டலாக், நன்றியுரை, சிறப்பு விருந்தினரைப் பற்றி ஆறு வரி. எழுபதுகளின் கடைசியில் சென்னைக்குப் போனவர் முப்பத்தைந்து வருஷம் அதையேதான் எழுதினார்.

டிசம்பர் சீசன் வந்தால் தூக்கம் கிடையாது. விமர்சகர்களுக்கு முதல் இரண்டு வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். குத்துவிளக்கு ஏற்றும்போது போட்டோகிராபர் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். சால்வையை ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ண வேண்டும். ஓவியக் கண்காட்சி என்றால் வேலை இன்னும் எளிது. அரூபமாக இருந்தால் 'தேடல்' என்று எழுதலாம். கோயில், தேர், நந்தி தென்பட்டால் 'மரபின் வேர்கள்'. வரைந்தவர் பெண்ணாக இருந்தால் 'மென்மை' என்ற சொல்லைத் தவறாமல் போட வேண்டும். இந்தச் சூத்திரங்களை அவரே பின்னாளில் ஒப்பிப்பார், தன் ஜாதகத்தைத் தானே படிப்பதுபோல.

ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வேலை நிமித்தம் அடிக்கடி போவார். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் முதன்முதலில் நின்றபோது அவர் செய்த காரியம், அதில் எழுதியிருந்ததைப் படிக்க முயன்றதுதான். கட்டம் கட்டமாக ஜாதகம் மாதிரி ஒன்று. நெருக்கமாக எழுத்துகள். மலையாளமோ என்று பார்த்தால் மலையாளம் இல்லை. தமிழும் இல்லை. எந்த மொழியும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1963 வாக்கில், பணிக்கர் தொட்ட வழி அது. சொல் போலத் தோன்றும், படிக்கப் போனால் நழுவும். 'படிக்க முடியாதது எனக்கு எரிச்சலாக இருந்தது' என்று அன்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். நோட்டு இன்னும் இருக்கிறது.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஜெ. சுவாமிநாதனின் மலையும் பறவையும் அச்சுப் படமாக இருந்தது. சிம்லாவில் பிறந்த தமிழர். பத்திரிகையாளராகவும் கலை விமர்சகராகவும் இருந்து ஓவியரானவர். அவர் முன்னின்று அமைத்த 'குரூப் 1890' என்ற குழு 1963இல் டெல்லியில் கண்காட்சி வைத்தபோது திறந்துவைத்தவர் நேரு. கேட்டலாகுக்கு எழுதியவர் அப்போது மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ். சென்னை ஓவியர் ஒருவர் இதை வைத்தே இவரைச் சீண்டுவார். "அவருக்கு எழுத பாஸ் வந்தாரு. எங்களுக்கு நீங்கதான் பாஸ்!"

சிரித்துக்கொள்வார். எழுதுகிற பக்கத்திலிருந்து வரைகிற பக்கத்துக்கு ஒருவர் போக முடியும் என்பதற்கு அந்தக் கண்ணாடிக்கு அடியிலேயே சாட்சி இருந்தது. தன்னைப் பற்றிய செய்தி அது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி 1981இல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் ஒரு வருஷம், வெளிநாட்டு நிருபர் ஒருவருக்குத் துணையாக அவரை அனுப்பினார்கள். உள்ளூர்ப் பெண், இங்கிலீஷ் தெரியும், அது போதும். கோபுர வாசலின் இரு பக்கச் சுவரிலும் மேலேறிப் போகும் கரணச் சிற்பங்களைக் காட்டினார். 108 கரணங்கள், பரத முனிவர், நாட்டிய சாஸ்திரம் என்று மூச்சு விடாமல் சொன்னார். நிருபர் எழுதித் தீரவில்லை. பொன்னம்பலக் கூரையில் 21,600 ஓடு, அது ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு. 72,000 ஆணி, அது நாடிகளின் கணக்கு என்று கோயில் மரபில் சொல்வதையும் சொன்னார். எண்கள் என்றால் நிருபர்களுக்கு உயிர்.

பிறகு சிதம்பர ரகசியம். திரை விலகியது. தீபாராதனை வெளிச்சத்தில் தங்க வில்வ மாலைகள் தொங்கின. திரை மூடியது. வெளியே வந்ததும் நிருபர் பேனாவைத் திறந்தார்.

"போட்டோ எடுக்கக்கூடாது, சரி. எடுத்திருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்?"

"மாலை. அதற்குப் பின்னால் ஆகாசம்."

"அதாவது?"

"ஒன்றும் இல்லை."

"படத்துக்குக் கீழே அப்படியா போடுவது?"

அவருக்குப் பதில் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து அதுவரை எந்தப் படத்துக்கும் அவர் குறிப்பு எழுத முடியாமல் நின்றதில்லை. அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து அழகாக ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். நிருபர் அதைப் பயன்படுத்தவே இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது அவர் சென்னையில் சீசன் வேலையில் இருந்தார். மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. வழியெல்லாம் முந்திரியும் பலாவும் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. வீட்டுக் கொல்லையில் அப்பா நட்ட பலா மரம் கிணற்றடிப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நின்றது. இத்தனை வருஷம் அடியில் இவ்வளவு நடந்துகொண்டிருந்ததா என்று பார்த்தபடி நின்றார். கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆனதும் அந்த வேர் மட்டும் வானத்தில் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் மரம் அறுக்கும் ஆட்கள் வந்து துண்டு போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

2014இல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வந்த வேகத்தில் கண்ணில் புரை. புதுச்சேரியில் வலது கண்ணுக்கு மட்டும் முதலில் அறுவை செய்தார்கள். இடது கண்ணுக்கு மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

புரை விழுந்த கண்வில்லை மெல்ல மெல்லப் பழுப்பேறிவிடும். நீலத்தை அதுவே பெரும்பாலும் விழுங்கிவிடும். பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் யாருக்கும் தெரியாது. ஃபிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு இதே சங்கடம். கண்ணுக்கு முன்னால் வண்ணங்கள் மங்கி, 1923இல் அறுவை செய்துகொண்ட பிறகு பழைய கித்தான்களைப் பார்த்துத் திகைத்தார். கடலூர்க்காரருக்கு இது நடந்தது தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில். சாயங்காலம் மணலில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். வலது கண்ணில் கடல் நீலம், நுரை வெள்ளை. கையை மாற்றினார். இடது கண்ணில் அதே கடல் டீத்தண்ணி. திரும்ப வலது. திரும்ப இடது. சுண்டல் விற்கிற பையன் நின்று வேடிக்கை பார்த்தான். இத்தனை நாள் எத்தனை ஓவியத்துக்கு இந்தப் பழுப்புக் கண்ணால் 'வெதுவெதுப்பான வண்ணக்கலவை' என்று எழுதினோம் என்று கணக்குப் போட்டார்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, தூக்கம் பிடிக்கிற நேரத்தில், மூடிய கண்ணுக்குள் ஒன்று வந்தது. வேர். அதே பலா வேர். மரம் இல்லை, மண் இல்லை. வேர்நுனி ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாக நீல வெளிச்சம். எதிலிருந்தோ அது தொங்குகிறது. எதிலிருந்து என்று பார்க்கப் போனால் அங்கே ஒன்றுமில்லை. மறுநாளும் வந்தது. நாலாம் நாள் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான போஸ்டர் கலர் டப்பாவும் இரண்டு தூரிகையும் வாங்கிவந்தார்.

சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்ததும் அம்மா எட்டிப் பார்த்தார். "ஏண்டி, பரீட்சை ஏதாவது வருதா?"

முடித்த பிறகும் பார்த்தார். "கறிவேப்பிலைக் கொத்து நல்லா வந்திருக்கு."

மனக்கண்ணில் வருவதை வரைவதற்கு உலகத்தில் நீண்ட வரிசை உண்டு. சுவீடனில் ஹில்மா அஃப் கிளிண்ட் 1906இல் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 44. 1915க்குள் 'ஆலயத்துக்கான ஓவியங்கள்' என்று 193 படம் வரைந்தார். அவற்றில் சில மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். தான் இறந்து இருபது வருஷம் ஆகும்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிவைத்தார். 2018இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் வைத்த கண்காட்சிக்கு ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். விளம்பரத்தையே தொழிலாகச் செய்தவருக்கு இந்தக் கதை வயிற்றெரிச்சலையும் மரியாதையையும் ஒருசேரக் கொடுத்தது. அழைப்பிதழ் கிடையாது, பிரஸ் மீட் கிடையாது, இருபது வருஷம் வாயைத் திறக்காதே என்ற உத்தரவு மட்டும்!

அவருடைய தொல்லை வேறு. படம் வருவதற்கு முன்னால் குறிப்பு வந்துவிடும். தூரிகையை நனைத்ததுமே உள்ளே ஒரு குரல்: 'தானே புயலின் வடுக்களைத் தன் நினைவிலிருந்து மீட்டெடுக்கும் கலைஞர்...' கை அந்த வரிக்கு ஏற்றபடி வேரை முறுக்கும், சோகமாக்கும். பார்த்த வேரில் சோகமே கிடையாது. கிழித்துப் போடுவார். அந்த மழைக்காலம் முழுக்க இதே சண்டை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், லேசில் விடுமா?

சண்டைக்கு ஒரு வழி தேடித்தான் சிதம்பரம் பேருந்தில் ஏறினார். புதுச்சத்திரம் வழியாகப் போகிற வண்டி. சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே சிவகாமி அம்மன் கோயில். முன்மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள்: மாணிக்கவாசகர் கதை, பிட்சாடனர் கதை, பட்டை பட்டையாக. நிருபர்களுக்கு அவற்றை அவர் பலமுறை காட்டியிருக்கிறார். காட்டுவது என்றால் கதையைச் சொல்லிக்கொண்டே நடப்பது. கதை தெரிந்துவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. குதிரை வந்ததும் நரி, நரி வந்ததும் பாண்டியன் என்று அதுவே ஓடிவிடும்.

இந்த முறை உருவங்களை விட்டுவிட்டு நடுவே கிடக்கும் இடத்தை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். காவிச் சிவப்பு. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே அந்தச் சிவப்பு எத்தனை அகலம், எந்த வடிவம், எங்கே புகை ஏறிக் கறுத்திருக்கிறது, எங்கே உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. கால் மணி நேரத்தில் கழுத்து விட்டுப்போனது. தூணில் சாய்ந்து தலையை அண்ணாந்து கண்ணை மூடியிருந்தபோது பூ விற்கும் அம்மாள் பதறிவிட்டார்.

"என்னம்மா, மயக்கமா? சோடா வாங்கியாரவா?"

"இல்லம்மா, படம் பாக்கறேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

வாரம் ஒரு நாள் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனார். பூக்கார அம்மாள் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, பேருந்துக்குச் சில்லறை மாற்றித் தர ஆரம்பித்தார்.

2015 தைப்பூசத்துக்கு வடலூர் போனது அம்மாவின் வேண்டுதலுக்காக. குறிஞ்சிப்பாடி தாண்டியதுமே கூட்டம். வள்ளலார் பிறந்தது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில், 1823இல். எண்கோணமாக ஞானசபை கட்டி முதல் ஜோதி தரிசனம் காட்டியது 1872 ஜனவரி 25, தைப்பூச நாள். ஜோதிக்கு முன்னால் ஏழு திரை. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லாம் கலந்தது. ஒவ்வொன்றாக விலகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தியின் பெயர் உண்டு. அதைக் குறிப்பில் எழுதிவிடலாம். எழுத முடியாதது, கருப்பு விலகி நீலம் வருகிற அந்தச் சின்ன இடைவெளி. பின்னாலிருந்து இடிக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, யாரோ ஒருவர் உரக்க 'அருட்பெருஞ்ஜோதி' என்கிறார். கருப்பு போய்விட்டது, நீலம் இன்னும் நீலமாகவில்லை. அந்த இடத்தில் அவருடைய தலைக்குள் எந்த வாக்கியமும் இல்லை. அது அவருக்கே கொஞ்சம் பிறகுதான் உறைத்தது.

வள்ளலாரைப் போட்டோ பிடிக்க முயன்று எட்டு முறையும் வெள்ளாடை மட்டுமே விழுந்தது, உடல் விழவில்லை என்று வடலூரில் சொல்வார்கள். சிறுவயதில் கேட்டபோது அது அற்புதக் கதை. இப்போது கேட்டபோது அவருக்கு அந்த போட்டோகிராபர் மேல்தான் கவலை: பாவம், எட்டு பிளேட்டை என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்?

அடுத்த ஆறேழு மாதம் ஏழு படம் வரைந்தார். புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம். போஸ்டர் கலரிலிருந்து அக்ரிலிக்குக்கு மாறியிருந்தார். திரைகளை வரையவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிறம் மாறும் இடத்தை மட்டும் வரையப் பார்த்தார். சாயத்தைத் தண்ணியாகக் கரைத்துக் காகிதத்தைச் செங்குத்தாகச் சாய்த்துப் பிடித்தால் அது தன் போக்கில் இறங்கும். எங்கே நிற்கும் என்று அதற்குத்தான் தெரியும். குறிப்பு எழுதும் குரல் அந்த நேரத்தில் வாயடைத்துப் போகும். சாயத்தின் வேகத்துக்கு வாக்கியம் அமைக்க அதனால் முடியவில்லை.

நவம்பரில் பேய்மழை. கடலூரின் தாழ்வான தெருக்களில் புகுந்த தண்ணீர் அவர் வீட்டுக் கூடத்துக்கும் வந்தது. அரிசியையும் அம்மாவையும் முதலில் மாடிக்கு ஏற்றினார். கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. வெள்ளமே ஓவியங்களை முடித்துக்கொடுத்தது என்று எழுதியிருந்தால் அருமையான பத்திரிகைச் செய்தி. நடந்தது என்னவோ பூசணம். ஐந்து படம் குப்பைக்குப் போயிற்று. இரண்டை வெயிலில் காயவைத்து எடுத்தார்; ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி இருக்கும். அக்ரிலிக் கரையவில்லை, காகிதம்தான் போனது என்று கண்டு, அடுத்ததாகக் கித்தானுக்கு மாறினார்.

அந்த நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தவர் தாகூர். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கோடு இழுக்கப்போய், பறவையும் விலங்குமாக உருவங்கள் கிளம்பின. வயது அறுபதைத் தாண்டிய பிறகு முழுமூச்சாக வரையத் தொடங்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விட்டுப்போனார். முதல் கண்காட்சி 1930 மே மாதம் பாரிஸில். உலகமே வாய்பிளந்து கேட்ட சொல் அவருடையது. ஆனாலும் தன் படங்களுக்குத் தலைப்பு வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். இதைப் படித்த அன்று கடலூர்க்காரர் தன் கித்தான்களின் பின்பக்கம் எழுதிவைத்திருந்த தலைப்புகளைக் கறுப்பு மசியால் அடித்தார். அளவும் வருஷமும் மட்டும் மிச்சம்.

2018இல் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சிறிய கூடம் இரண்டு நாளுக்குக் கிடைத்தது. மூன்று வருஷத்தில் வரைந்ததில் பதினொரு படம். அழைப்பிதழ் அவரே அடித்தார்: தேதி, இடம், நேரம். கண்காட்சியைப் பற்றி நாலு வரி கேட்டு உள்ளூர் நிருபர் ஒருவர் போன் செய்தார். "வந்து பாருங்க தம்பி, டீ இருக்கு" என்றார். அந்தப் பையன் இவரிடம் தொழில் கற்றிருந்தால் திட்டு வாங்கியிருப்பான். இப்படியா செய்தி சேகரிப்பது?

திறப்பதற்கு அரைமணி முன்னால், டீ கேன் வந்ததா என்று பார்க்க வாசலுக்குப் போய்த் திரும்பியவர் நிலைப்படியிலேயே நின்றார். எதிர்ச்சுவரில், ஏணிமேல் நின்றிருந்த எதிர்வீட்டுப் பையன் எட்டாவது படத்தை மாட்டி முடித்து, நேராக இருக்கிறதா என்று விலகிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது தலகீழ்."

"எப்படி பெரியம்மா? பின்னால அம்புக்குறி எதுவும் போடலியே?"

மறந்திருந்தார். கிட்டே வந்து, கீழ் ஓரமாக இருந்த இடத்தில் நீலம் மெலிதாக ஓடி நின்ற நாலைந்து கோட்டைத் தொட்டுக் காட்டினார். பையன் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான். "அட, மேல ஏறுது!" என்றான். படத்தைக் கழற்றித் திருப்பினான். இந்தப் பக்கத்துச் சட்டத்தில் வளையம் இல்லை.

"ஒரு ஆணியும் சுத்தியும் குடுங்க பெரியம்மா."

வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் ஆணி டப்பாவைத் தேடப் போனார்.